கொல்லையில் ஓர் உணவுக் காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது, அதில் பல ஆண்டு நின்று பலன் தரும்படி ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வெப்பமான பகுதிகளில் வளரும் செடிகள். குளிர் நாடுகளுக்கு எது மாறும் என்பது தனிக் கேள்வியாகக் கீழே இருக்கிறது.

உணவுக் காடு என்பது என்ன? பழத்தோட்டம்தானே?

பழத்தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்கும், நடுவில் தரை காலியாக இருக்கும். உணவுக் காட்டில் உயரமான மரம், அதன்கீழ் சிறு மரம், அப்புறம் புதர், செடி, தரையில் படரும் கீரை, மண்ணுக்குள் கிழங்கு, இவற்றின்மேல் ஏறும் கொடி என எல்லா உயரத்திலும் ஏதாவது விளையும். பெரும்பாலானவை பல ஆண்டு வாழ்பவை.

இன்னொரு வித்தியாசம் காலம். காய்கறிப் பாத்தியை ஒவ்வொரு பருவமும் முதலிலிருந்து தொடங்குகிறோம். இதைத் தொடங்குவது ஒருமுறைதான், ஆனால் அது நின்ற இடத்தில் நிற்காது. முதல் ஆண்டு வெயில் கொளுத்தும் வெட்டவெளியாக இருந்த இடம் பத்தாம் ஆண்டில் நிழலாகிவிடும். வெட்டவெளியில் செழித்த செடிக்கு அங்கே இனி வேலை இல்லை. அதனால் எதை நடுவது என்று யோசிக்கும்போதே அதை எப்போது எடுப்பது என்றும் யோசிக்க வேண்டும். நர்சரியில் கன்று வாங்கும் உற்சாகத்தில் இந்த இரண்டாம் பாதிதான் விட்டுப்போகிறது.

இது யார் கண்டுபிடித்தது?

யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜாவாவின் வீட்டுத் தோட்டங்கள், கேரளத்தின் வீட்டுவளாகங்கள், இலங்கையின் கண்டி வீட்டுத் தோட்டங்கள், தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் சாகா மக்கள் வாழைக்கு மேலே மரமும் கீழே காப்பியும் வளர்க்கும் தோட்டங்கள் எல்லாம் பல தலைமுறை பழையவை. இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் (1913–2000) ஷ்ராப்ஷயரில் சுமார் 12 சென்ட் நிலத்தில் இதைச் செய்து காட்டினார். கேரளத் தோட்டங்களைப் பற்றி அறிந்தது அவருக்கு ஒரு தூண்டுதல். முதல் பதிலில் உயரமான மரம் முதல் கொடி வரை சொன்னவைதான் இன்று எல்லோரும் சொல்லும் ‘ஏழு அடுக்கு’. அது அவர் வகுத்தது. அதே இங்கிலாந்தின் டெவனில் மார்ட்டின் கிராஃபோர்ட் 1994-இல் தொடங்கிய சுமார் 2 ஏக்கர் தோட்டம் இன்றும் இருக்கிறது.

ஏழு அடுக்கையும் நிரப்பியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பது தேவையில்லை. சிறிய இடத்தில் நாலு அடுக்கு நன்றாக இருந்தால் போதும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

1,000 சதுர அடி இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். 300 சதுர அடியிலும் செய்யலாம், ஆனால் அங்கே மேலடுக்கு முருங்கையாகவோ கொய்யாவாகவோதான் இருக்க முடியும். பலாவுக்கு ஆசைப்படக் கூடாது. கட்டடத்தின் அடித்தளம், கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பி ஆகியவற்றின் பக்கத்தில் பெரிய மரம் எதுவும் வேண்டாம்.

முதல் வேலை என்ன? கன்று வாங்கிவிடலாமா?

வாங்கலாம், ஆனால் அதற்குமுன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று வெயில். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துவையுங்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் அது மாறும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தள்ளிப் போகப்போக, உயரமான மரத்தை வடக்கு ஓரத்தில் வைத்தால் மற்ற செடிகள்மேல் நிழல் விழுவது குறையும். தெற்கே இருப்பவர்களுக்கு இது தலைகீழ்.

இரண்டாவது தண்ணீர். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலை இல்லை. மறுநாளும் நின்றால் அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும். பப்பாளியின் வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே செடி போய்விடும், வெண்ணெய்ப்பழமும் அப்படித்தான். அந்தப் பள்ளத்தில் சேப்பங்கிழங்கு நன்றாக வரும்.

மூன்றாவது மண். புதிதாகக் கட்டிய வீடுகளின் கொல்லையில் அரையடி மண்ணுக்குக் கீழே பெரும்பாலும் செங்கல் துண்டும் சிமென்ட் கழிவும்தான் கிடக்கும். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை கூடி, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போகும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. எத்தனை உரம் போட்டாலும் சரியாகாது, இடிபாட்டை அள்ளி வெளியே போடுவதுதான் வழி.

எதை எந்த வரிசையில் நடுவது?

எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடலாம். வெவ்வேறு காலத்தில் வெளியேறும்படி நடுவதுதான் விஷயம்.

பலாக்கன்று ஒன்றை நடுகிறீர்கள் என்று வையுங்கள். அது பெரிதாகி இருபது, இருபத்தைந்து அடி அகலத்துக்குப் பரவ ஏழெட்டு ஆண்டு ஆகும். அதுவரை சுற்றிலும் உள்ள இடம் சும்மா கிடந்தால் களைதான் ஆளும். அதனால் கன்றிலிருந்து நாலைந்து அடி தள்ளித் துவரையும் அகத்தியும் விதைக்கலாம். சில மாதத்தில் ஆளுயரம் வந்து, இளங்கன்றுக்குக் கொஞ்சம் நிழல் கொடுக்கும். அதற்கு அடுத்த வளையத்தில் பப்பாளி, வாழை. இவற்றின் இடுக்குகளில் முதல் ஆண்டு பூசணி, கத்தரி, வெண்டை, தட்டைப்பயறு என்று வெயில் விரும்பும் எதையும் போடலாம். சர்க்கரைவள்ளியைத் தரையில் படரவிட்டால் களை எடுக்கும் வேலை பாதியாகும்.

நட்டு எட்டு, பத்து மாதத்தில் பப்பாளி பழம் தரும். வாழை தார் வெட்ட ஓராண்டு, சில ரகத்துக்கு இன்னும் சில மாதம் கூடுதலாகும். மூன்று, நான்கு ஆண்டில் பப்பாளி உயரமாகி, காய் சிறுத்து, பறிக்க முடியாத இடத்துக்குப் போய்விடும். துவரையும் அதற்குள் தளர்ந்துவிடும். அப்போது இரண்டையும் வெட்டி அங்கேயே மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, போட வேண்டும். கொய்யா, எலுமிச்சை, சீத்தா போன்ற நடு அடுக்கு மரங்கள் அதற்குள் காய்க்கத் தொடங்கியிருக்கும். பலாவின் நிழல் விரிய விரிய வாழையை ஓரத்துக்குத் தள்ளி, உள்ளே மஞ்சள், இஞ்சி, கூவைக்கிழங்கு வைக்கலாம். பலாவின் அடிமரம் உறுதியானபின் அதில் மிளகுக்கொடி ஏற்றலாம்.

காய்க்கிற பப்பாளியை வெட்ட யாருக்கும் மனசு வராது. ஆனால் அது நிற்கும்வரை பக்கத்துக் கொய்யா வெயிலைத் தேடி ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும், அந்தக் கோணலை அப்புறம் நிமிர்த்த முடியாது. தயக்கம் வரும் என்று தெரிந்தே, நடும் நாளிலேயே எது எந்த ஆண்டு போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

மரங்களுக்கு இடையே எத்தனை அடி?

கடைசிவரை நிற்கப்போகும் மரங்களுக்கு மட்டும் முழு இடைவெளி கொடுங்கள். மா, பலா 25 முதல் 30 அடி. தென்னை 25 அடி. கொய்யா, எலுமிச்சை 15 முதல் 20 அடி. இடையில் வந்து போகிறவற்றை நெருக்கலாம்: முருங்கை 8 முதல் 10 அடி, வாழையும் பப்பாளியும் 6 அடி. கறிவேப்பிலைக்கு 4 அடி போதும்.

மாவையும் கொய்யாவையும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டி, குட்டையாக வைத்திருந்தால் இந்த இடைவெளியில் பாதி போதும். ஆனால் கவாத்து ஆண்டுதோறும் செய்ய வேண்டும். செய்யமாட்டேன் என்று தோன்றினால் முழு இடைவெளியே விடுங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பதா, ஒட்டுக்கன்றா?

மாவும் வெண்ணெய்ப்பழமும் ஒட்டுக்கன்றாக வாங்குவதே நல்லது. ஒட்டு மா மூன்று முதல் ஐந்து ஆண்டில் காய்க்கும். விதை மாவுக்கு அதைப்போல் இரண்டு பங்கு காலம் ஆகலாம், பழமும் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. முருங்கைக்குப் போத்து வெட்டி நட்டால் போதும். பப்பாளியை விதை போட்டே வளர்க்கலாம். ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகமென்றால் ஒரு குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூத்தபின் பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். ஆண் செடி தோட்டம் முழுக்க ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

எந்தக் கன்று வாங்கினாலும் பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு வட்டமடித்திருந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சுருண்ட வேர் நட்டபிறகும் சுற்றிக்கொண்டே பருத்து, பல ஆண்டு கழித்து மரத்தின் கழுத்தை இறுக்கும். சின்னக் கன்றே மேல்.

தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் மரங்கள் என்கிறார்களே, பக்கத்தில் வைத்தாலே போதுமா?

போதாது. அகத்தி, துவரை, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து எடுக்கும் தழைச்சத்து முதலில் அந்த மரத்துக்கே போகிறது. பக்கத்து மரத்துக்குப் பெரும்பகுதி போய்ச்சேருவது, இலையும் கிளையும் வெட்டுப்பட்டு மண்ணில் மட்கும்போதுதான். அதனால் வளரும் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கிளைகளை வெட்டி, பழமரத்தின் கீழே போட வேண்டும். வெட்டாமல் விட்டால் அது இன்னொரு நிழல் மரம், அவ்வளவுதான்.

வேர்முடிச்சு வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். செடியின் ஓரத்தில் கொஞ்சம் மண்ணைக் கிளறினால், வேரில் கடுகு முதல் மிளகு அளவுக்குச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, சில சமயம் ரத்தம் மாதிரியே இருக்கும். நம் ரத்தத்தில் உள்ள நிறமிக்கு உறவான ஒன்றுதான் அந்தச் சிவப்பு. உள்ளே பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

சூபாபுல் மட்டும் வேண்டாம். கொட்டும் விதையெல்லாம் முளைத்து, பிடுங்கியே மாளாது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு.

மூடாக்கு எவ்வளவு போட வேண்டும்?

அரையடி உயரத்துக்குப் போடுங்கள், அது அமுங்கி இரண்டு மூன்று அங்குலமாகிவிடும். காய்ந்த இலை, வைக்கோல், வெட்டிய கிளை, வாழை மட்டை எதுவும் ஆகும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடத்தைக் காலியாக விடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். எலுமிச்சையில் பிசின் வடியத் தொடங்கினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மரத்தூள், மரச்சில்லு போட்டால் மண்ணின் தழைச்சத்தை இழுத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. மண்ணோடு கலந்து கொத்தினால் அப்படி ஆகும். மேலே பரப்பினால் பாதிப்பு மேற்பரப்போடு சரி.

களை அடர்ந்த இடத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் டேப்பை உரித்து, நனைத்து, ஓரங்கள் அரையடி ஒன்றின்மேல் ஒன்று வரும்படி விரித்து, அதன்மேல் மூடாக்கு போடலாம். சாதாரணப் புல் இதில் அடங்கும். கோரை அட்டையையும் குத்திக்கொண்டு மேலே வரும். அதைத் தோண்டிக் கிழங்கோடு எடுப்பதைத் தவிர வழியில்லை.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, சில மாதம் கழித்து ஓரிடத்தில் மூடாக்கை விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை அப்படியே இருக்கும். அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய, ஒன்றோடொன்று ஒட்டிய இலைகள், அவற்றின் நடுவே நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை. அதற்கும் கீழே கறுத்த, உதிரியான, மழை பெய்த வாசனையோடு மண். அந்த வெள்ளைப் பூஞ்சையைப் பார்த்து நோய் என்று மருந்து தெளித்துவிடாதீர்கள்.

தண்ணீர் எத்தனை ஆண்டு ஊற்ற வேண்டும்?

முதல் இரண்டு, மூன்று கோடைக்குக் கட்டாயம். அப்புறம் மழையையும் மண்ணையும் பொறுத்தது. வாழைக்கு என்றைக்கும் தண்ணீர் வேண்டும். குளியலறைத் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பினால் பிரச்சினை தீரும், ஆனால் அது நின்று தேங்காமல் உடனே மண்ணில் இறங்க வேண்டும்.

சொட்டுக் குழாய் போட்டவர்கள் அதை ஆண்டுதோறும் வெளியே நகர்த்த மறக்கக் கூடாது. நட்ட அன்று கன்றின் காலடியில் சொட்டியது சரி. ஐந்தாம் ஆண்டு உறிஞ்சு வேர்களில் பெரும்பாலானவை கிளைவிரிப்பின் ஓரத்திலும் அதற்கு அப்பாலும் இருக்கும். குழாய் மட்டும் இன்னும் அடிமரத்தையே நனைத்துக்கொண்டிருக்கும்.

கூரைத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழுகிறது.

கவாத்து எப்போது?

மரத்துக்கு மரம் மாறும். மா முதிர்ந்த கிளை நுனியில் பூப்பது, அதனால் அறுவடை முடிந்த கையோடு வெட்ட வேண்டும். தாமதித்தால் அடுத்த பூ போய்விடும். கன்றாக இருக்கும்போதே இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் நுனியை வெட்டி, நாலு திசைக்கு நாலு கிளை விட்டால் மரம் குட்டையாக, பறிக்க வசதியாக வரும். கொய்யா புதுத் துளிரில் காய்ப்பது, வெட்டினால் இன்னும் நன்றாகக் காய்க்கும். பலா அடிமரத்திலும் தடித்த கிளையிலும் காய்ப்பதால் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் கிளைகளைச் சுத்தம் செய்கிறேன் என்று செதுக்கிவிடக் கூடாது. முருங்கையைச் சாய்வாக வெட்டுங்கள், வெட்டில் தண்ணீர் தங்கினால் தண்டு உள்ளே அழுகிப்போகும்.

வாழையில் தாய், மகள், பேத்தி என்று ஒரு குத்துக்கு மூன்று போதும். மற்ற பக்கக்கன்றுகளை எடுத்துவிடுங்கள். தார் வெட்டிய தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் மண்ணைப் பார்க்க வேறு மரத்தடியில் வையுங்கள், ஈரம் வெகுநாள் நிற்கும். வாழைக் குத்தின் பக்கத்திலேயே போடாதீர்கள். பிளந்த தண்டின் வாசனைக்கு வாழைக் கூன்வண்டு தேடி வரும்.

நிழல் வந்தபின் காய்கறிக்கு எங்கே போவது?

தக்காளியும் வெண்டையும் நிழலில் வராது. தோட்டத்தின் வெயில் ஓரத்தில் ஒரு பாத்தியை அவற்றுக்கென்றே நிரந்தரமாக விட்டுவைப்பதுதான் நடைமுறை. உணவுக் காடு எல்லாக் காய்கறியையும் தரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அரைநிழலில் வருபவை வேறு: தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கொடிப்பசலை, சேனைக்கிழங்கு. இவற்றில் தவசிக்கீரை மிகச் சுலபமானது, ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும். அதைச் சமைத்து அளவாகச் சாப்பிடுங்கள். 1990-களில் தைவானில் உடல் மெலிவதற்காக அதன் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

பூச்சி, அணில், பறவை?

கலந்து நட்டிருப்பதால் ஒரே பூச்சி ஒட்டுமொத்தத் தோட்டத்தையும் முடிப்பது அரிது. மாவுப்பூச்சி வந்தால் எறும்பைக் கவனியுங்கள், அதைக் காவல் காத்து ஊர் ஊராகக் கொண்டுபோவது எறும்புதான். தண்டில் பசைப்பட்டை சுற்றி எறும்பைத் தடுத்தால், பொறிவண்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தென்னை வைத்திருப்பவர்கள் சாணக்குவியலை நாளாக்கிப் போட்டுவைக்கக் கூடாது, காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். பறவைக்கும் அணிலுக்கும் எட்டாத உயரம் கிடையாது. கைக்கு எட்டும் பழத்துக்குப் பை கட்டலாம், மற்றது அவற்றின் பங்கு.

பாம்பும் கொசுவும் வராதா?

வீட்டுச் சுவரிலிருந்து நாலைந்து அடி தூரத்துக்குத் தரையைத் திறந்தவெளியாக வையுங்கள். கல், விறகு, ஓடு குவியல் கூடாது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், அதனால் விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். கொசு பெரும்பாலும் வாளியிலும் தொட்டித்தட்டிலும் பெருகும். அன்னாசி இலையிடுக்கில் நிற்கும் தண்ணீரிலும் முட்டையிடும் என்பதால் அதை வாசல் பக்கம் வைக்காதீர்கள்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

செடிப் பட்டியல் முழுக்க மாறும், முறை அதேதான். மேலே ஆப்பிள், பேரி, பிளம். நடுவில் ஹேசல் என்னும் கொட்டைப் புதர், கரண்ட் (currant) என்னும் சிறுபழப் புதர். தழைச்சத்துக்கு ஆல்டர் மரம். அங்கே வெயில் சாய்வாகவும் குறைவாகவும் வருவதால் மரங்களை இன்னும் தள்ளி நட வேண்டும். வெப்பப் பகுதியில் நிழல் ஒரு பாதுகாப்பு, அங்கே அது நஷ்டம்.

எவ்வளவு வேலை இருக்கும்?

முதல் மூன்று ஆண்டு நிறைய. களை, தண்ணீர், மூடாக்கு என்று வாரம் தவறாமல் ஏதாவது இருக்கும். பிறகு குறையும். ‘நட்டுவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும்’ என்பதெல்லாம் சும்மா. கவாத்தும் அறுவடையும் என்றும் தீராது. கொடிகளை மறந்தால், குறிப்பாகப் பேஷன் பழக்கொடியை, ஒரு மழைக்காலத்தில் எலுமிச்சையை மூடி அமுக்கிவிடும்.

பெரிய மரம் புயலில் விழுந்துவிட்டால்?

வீட்டையும் பாதையையும் மறித்தால் அறுத்து எடுங்கள், இல்லையென்றால் அடிக்கட்டையை அங்கேயே மட்கவிடுங்கள். அதில் முளைக்கும் காளானைத் தெரியாமல் சாப்பிட வேண்டாம். விழுந்த இடத்தில் வானம் திறந்து, திடீரென்று முழு வெயில் வரும். நிழலில் இருந்த இஞ்சி, மஞ்சள் இலைகள் கருகும், அவற்றைத் தோண்டி நிழலுக்கு மாற்றுங்கள். களை அந்த இடத்தைப் பிடிப்பதற்குள் துவரை, அகத்தி, பப்பாளி, பூசணியைப் போட்டுவிடுங்கள். எந்த நிரந்தர மரம் என்பதை ஒரு பருவம் கழித்து, புது வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.